ரூட் லாங்கோரின் ஊர்களில்

செவ்வாய், கோபன்ஹேகன்

கோபன்ஹேகனில் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முகவரி: ரூட் லாங்கோர் வீதி, எண் 7. நகரின் தென்புறத்தில் புதிதாக எழுந்த பகுதி அது. வாய்க்கால், கண்ணாடிக் கட்டடங்கள், வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். வாசலில் நின்றிருந்த மாணவர்கள் சிலரிடம், இந்த வீதிக்குப் பெயர் தந்தவர் யார் என்று கேட்டேன். ஒருவர் அரசியல்வாதியாக இருக்கலாம் என்றார். இன்னொருவர் கைப்பேசியை எடுத்துத் தேடிப் பார்த்து, "இசையமைப்பாளராம்" என்று சொன்னார். பதினாறு சிம்பொனிகள் எழுதியவர் என்று நான் சொன்னதும் அவர் புருவம் உயர்ந்தது. பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் டேனிஷ் வானொலியின் இசையரங்கம் இருக்கிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நுவேல் வடிவமைத்து 2009இல் திறந்த நீலநிறப் பெரும் பெட்டி. தாமஸ் டவுஸ்கோர் நடத்த, லாங்கோரின் பதினாறு சிம்பொனிகளையும் முழுமையாகப் பதிவுசெய்தது இந்த வானொலியின் இசைக்குழுதான். அந்தப் பதிவுகள் இல்லையென்றால் நான் இந்தப் பயணத்துக்கே கிளம்பியிருக்க மாட்டேன்.

ரூட் லாங்கோர் பிறந்தது 1893 ஜூலை 28, இதே நகரில். தந்தை சீக்ஃப்ரீட் பியானோ கலைஞர். ஹங்கேரியப் பியானோ மேதை லிஸ்டிடம் நேரில் பயின்றவர். இசையை இறைவனோடு மனிதனை இணைக்கும் பாலமாகக் கண்ட சிந்தனையாளர். தாய் எம்மாவும் பியானோ வாசித்தவர். ஐந்து வயதில் மகன் பியானோ முன் உட்கார்ந்தான். ஏழு வயதில் ஷூமனும் ஷோப்பனும் அவன் விரல்களில் இருந்தார்கள். தங்கள் மகன் ஒரு மேதை என்பதில் பெற்றோருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. அந்த நம்பிக்கையை அவர்கள் மகன் தோளில் ஏற்றிவைத்தார்கள். கடைசிவரை அவர் அதை இறக்கிவைக்கவில்லை.

பிற்பகலில் பளிங்குத் தேவாலயத்துக்குப் போனேன். முறையான பெயர் ஃபிரடெரிக் தேவாலயம். அரண்மனை வளாகமான அமாலியன்போர்குக்கு நேர் எதிரே. 1749இல் அடிக்கல் நாட்டி, பணம் போதாமல் பாதியில் நின்று, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாழடைந்து கிடந்து, 1894இல்தான் திறக்கப்பட்டது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் முப்பத்தோரு மீட்டர் அகலக் குவிமாடம் தலைக்கு மேல் விரிகிறது. 1905இல், பதினொரு வயதில், லாங்கோர் முதன்முதலாக மக்கள் முன் வாசித்தது இங்கேதான். வாசித்தது யாரோ எழுதிய பாட்டு அல்ல. தேவாலயங்களின் பெரும் குழல் கருவியான ஆர்கனில் அந்தந்தக் கணத்தில் தானே கற்பனையில் உருவாக்கிய இசை.

பின்னர் சில ஆண்டுகள் இதே தேவாலயத்தில் உதவி ஆர்கன் கலைஞராகவும் இருந்தார். கல்லில் பட்டு எதிரொலிக்கும் ஓசை அடங்க இங்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கவனித்தேன். யாரோ ஒரு நாற்காலியை நகர்த்தினார்கள். அந்தச் சத்தம் குவிமாடத்தைச் சுற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. சிறு வயதிலேயே இந்த அளவு வெளியை ஓசையால் நிரப்பப் பழகியவர், பிற்காலத்தில் இசைக்குழுவை மேடையில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாகப் பிரித்து வைத்ததில் வியப்பில்லை.

புதன், கோபன்ஹேகன்

நாள் முழுவதும் அரச நூலகம். துறைமுக நீரோரம் சாய்ந்து நிற்கும் கறுப்புக் கல் கட்டடத்தை இங்கே எல்லோரும் 'கறுப்பு வைரம்' என்கிறார்கள். லாங்கோரின் கையெழுத்துப் படிகள் இந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகள். அவற்றை ஒழுங்குபடுத்தி 1991இல் பட்டியல் வெளியிட்டவர் ஆய்வாளர் பென்ட் வீன்ஹோல்ட் நீல்சன். லாங்கோரின் படைப்புகளுக்கு இன்று வழங்கும் எண்கள் அவர் கொடுத்தவை. ஒரு மனிதர் பல ஆண்டுகளைச் செலவழித்து இன்னொருவரின் வாழ்வை மீட்டெடுக்கும் இந்த வேலைக்கு எந்த மேடையிலும் கைதட்டல் கிடைப்பதில்லை. எனக்கு அந்தப் பட்டியல்மீது பெரும் மரியாதை உண்டு.

நான் பார்த்தது அச்சுப் பிரதிகளை. முதலில் 'இன்செக்டாரியம்', 1917இல் எழுதியது. பியானோவுக்கான ஒன்பது மிகச் சிறிய துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு பூச்சி. வெட்டுக்கிளி உண்டு, தட்டான் உண்டு, வீட்டு ஈ உண்டு, மரவட்டை உண்டு, கொசுவும் உண்டு. மரத்தைக் குடையும் வண்டுக்கு அவர் கட்டைகளை மட்டும் நம்பவில்லை. பியானோவின் மரத்தைத் தட்டச் சொல்கிறார். இன்னோரிடத்தில் கம்பிகளை நேரடியாகக் கையால் தீண்டச் சொல்கிறார். ஐரோப்பிய இசையில் பியானோவை இப்படிக் கையாண்ட முதல் முயற்சிகளுள் இது ஒன்று. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அதே காலத்தில், 1916க்கும் 1918க்கும் இடையில், அவர் எழுதிக்கொண்டிருந்த பெரிய படைப்பு 'கோளங்களின் இசை'. நான் முதன்முதலில் கேட்ட லாங்கோர் அதுதான். 2010ஆம் ஆண்டு லண்டனின் ப்ராம்ஸ் (Proms) இசைவிழாவில் டவுஸ்கோர் நடத்தியதன் பதிவு. சுமார் முப்பத்தைந்து நிமிடம். பெரிய இசைக்குழு, சேர்ந்திசைக் குழு, ஆர்கன், கம்பிகளை நேரடியாக வருடி வாசிக்கும் பியானோ. இவை தவிர, தொலைவில் இன்னொரு சிறு இசைக்குழு, அதனோடு ஒரு பெண் குரல். தலைப்புகளைப் பாருங்கள்: 'நறுமணப் பூக்கள் சூடிய சவப்பெட்டிமேல் சூரியக் கதிர்கள் போல'. 'மாலை வானின் நீலத்தில் விண்மீன்கள் மினுங்குவது போல'. 'கண்ணீரினூடே தெரியும் சூரியக் கீற்று'. கடைசிப் பகுதி: 'முடிவு: எதிர்க்கிறிஸ்து, கிறிஸ்து'.

இசைக்குறிப்பை விரித்து வைத்துக்கொண்டு காதில் பதிவையும் ஓடவிட்டேன். மெல்லிசை என்று பிடித்துக்கொள்ள அதில் அதிகம் இல்லை. வயலின்கள் மிக உயரத்தில் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நிறம் மெதுவாக இன்னொரு நிறத்தில் கரைகிறது. முரசின் ஒரே தாளம் எவ்வளவோ நேரம் நகராமல் அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கதையைச் சொல்லி முடிப்பதற்காக எழுதப்பட்ட இசை அல்ல இது. நீங்கள் அதற்குள் நிற்க வேண்டும். அது உங்களைச் சுற்றி நடக்கும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் மற்ற இசையமைப்பாளர்கள் இந்த வகையில் யோசிக்கத் தொடங்கினார்கள்.

'கோளங்களின் இசை' 1921இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு பெர்லினில் ஒருமுறை. பிறகு 1968 வரை, ஸ்டாக்ஹோமில் மீண்டும் உயிர்பெறும்வரை, ஒன்றுமில்லை. அந்த ஆண்டுகளில் நடந்த ஒன்றை டேனிஷ் இசையுலகில் எல்லோரும் அறிவார்கள். ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி, புதிய இசைக்குறிப்புகளைப் பரிசீலிக்கும் குழுவில் இருந்தார். டேனிஷ் இசையமைப்பாளர் பேர் நோர்கோர், அந்தக் குவியலில் லாங்கோரின் இந்தப் பிரதியையும் வைத்தார். லிகெட்டி பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நாளும் தான் லாங்கோரைப் பின்பற்றிவந்ததை அறியாமலே இருந்துவிட்டதாகச் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லி எல்லோரும் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காலத்துக்கு முன்னால் பிறந்தவர், பாவம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1920களின் நடுவில் லாங்கோர் தன் புதுமைகளைத் தானாகவே விட்டுவிட்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் காலத்துப் பழைய பாணிக்குத் திரும்பினார். காலத்துக்கு முன்னால் ஓடியவர் என்ற கதைக்குள் அந்த முப்பது ஆண்டுகள் அடங்கவே அடங்காது. அவர் வாழ்வின் பெரும்பகுதியை விலக்கிவைத்துவிட்டுக் கட்டிய கதை அது. அந்த முப்பது ஆண்டுகளுக்காகத்தான், அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ரீபே என்ற ஊருக்குப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு மலை.

வியாழன், குல்லாபெர்க்

கோபன்ஹேகனிலிருந்து வடக்கே ஹெல்சிங்யோர். அங்கிருந்து கப்பல் ஏறினால் இருபது நிமிடத்தில் ஸ்வீடன் கரையில் ஹெல்சிங்போரி. பிறகு பஸ், இன்னொரு பஸ், கடைசியில் மோல்லே என்ற கடலோரச் சிற்றூர். அதைத் தாண்டி நிலம் ஒரு பாறை மூக்காகக் கடலுக்குள் நீள்கிறது. அதுதான் குல்லாபெர்க். டேனியர்களுக்கு அது குல்லன்.

டென்மார்க் முழுக்கத் தட்டை நிலம். அங்கே வளர்ந்த ஒரு சிறுவனுக்கு இந்தச் செங்குத்துப் பாறைகள் என்னவாக இருந்திருக்கும் என்பதை, முனையில் நின்றபோது உணர்ந்தேன். கடல் மட்டத்திலிருந்து 180 மீட்டருக்கு மேல் எழும் குன்று. கீழே அலை பாறைப் பிளவுகளுக்குள் புகுந்து முட்டி வெண்மையாகத் திரும்புகிறது. 1900இல் கட்டிய கலங்கரை விளக்கம் முனையில் நிற்கிறது. லாங்கோர் குடும்பம் கோடை விடுமுறைகளை இந்தப் பக்கம் கழித்தது. இங்கேதான் முதல் சிம்பொனி அவருக்குள் உருவானது. பெயர், 'பாறைக்கரை ஆயர்பாடல்கள்'. எழுதத் தொடங்கியபோது வயது பதினான்கு. முடித்தபோது பதினெட்டு நிரம்பவில்லை.

ஐந்து பகுதிகள். 'மோதும் அலைகளும் சூரிய ஒளியும்', 'மலைப்பூக்கள்', 'பழங்கதை', 'மலை ஏற்றம்', 'வாழும் துணிவு'. மொத்தம் ஒரு மணி நேரம். காற்று மறைந்த ஒரு பாறையின் பின்னால் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். வாக்னரின் சாயலும் சைக்கோவ்ஸ்கியின் சாயலும் தெரியத்தான் தெரிகின்றன. ஆனால் முதல் பகுதியின் அலை எழுந்து எழுந்து விழும் விதம், எதிரே இருந்த நீரைப் பார்த்து எழுதியது. கடைசிப் பகுதியில் பித்தளைக் கருவிகள் எல்லாம் ஒன்றுசேரும்போது, அந்த வயதில் மட்டும் வரக்கூடிய எல்லையற்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

1913 ஏப்ரல் 10. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, மாக்ஸ் ஃபீட்லர் நடத்த, இந்தச் சிம்பொனியை அரங்கேற்றியது. இசையமைப்பாளருக்கு வயது பத்தொன்பது. உலகின் தலைசிறந்த இசைக்குழு ஒன்று, அந்த வயதுக்காரர் எழுதிய ஒரு மணி நேர இசையை வாசித்தது. வரவேற்பும் நன்றாகவே இருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் தந்தை இறந்தார். ஜூலை இறுதியில் முதல் உலகப் போர் தொடங்கியது. ஜெர்மனியின் கதவுகள் மூடிக்கொண்டன. இவ்வளவுதான் இடைவெளி.

இந்தக் குன்றைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1946இல், அவர் பன்னிரண்டாம் சிம்பொனியை எழுதினார். அதன் பெயர் 'ஹெல்சிங்கெபோர்க்'. நான் காலையில் கப்பலில் வந்து இறங்கிய ஊரின் பெயரைத் தன் விருப்பப்படி சற்று மாற்றி எழுதியிருக்கிறார். அது முதல் சிம்பொனியையே ஏழு நிமிடத்துக்குச் சுண்டக் காய்ச்சியது. அதே அலை, அதே ஏற்றம். ஆனால் மூச்சுவிட நேரமில்லை. கடைசிப் பக்கத்தில் இசைக்கலைஞர்களுக்கு அவர் எழுதிவைத்த குறிப்பு: 'வெறி! ஓர் இசையமைப்பாளர் வெடித்துச் சிதறுகிறார்'.

ஒரு மணி நேரத்தையும் அந்த ஏழு நிமிடத்தையும் அடுத்தடுத்து இதே பாறையில் கேட்டேன். பன்னிரண்டாவதை ஒரு மனநிலையின் சான்றாகக் காட்டி ஒதுக்கிவிடுவது எளிது. கேட்டுப் பாருங்கள், கை தளர்ந்த எழுத்து அல்ல அது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரிந்தவரின் எழுத்து. கேட்பதற்கு ஆள் இல்லை என்று உறுதியாகிவிட்ட பிறகு, விளக்குவதற்கு அவசியம் இல்லை. ஆகவே விளக்கங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

வெள்ளி, ரயிலில்

கோபன்ஹேகனிலிருந்து மேற்கே ரீபேக்கு. ஸ்டோர்பெல்ட் நீரிணையில் ரயில் முதலில் கடலடிச் சுரங்கத்தில் இறங்கி, நடுவில் இருக்கும் ஸ்ப்ரோகோ தீவில் வெளியே வந்து, பிறகு நீண்ட பாலத்தில் ஃபூன் தீவுக்குப் போகிறது. இந்த வழி 1997இல் வந்தது. 1940இல் லாங்கோர் போனபோது ரயில்பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித்தான் கடக்க வேண்டும்.

ஃபூன் தீவின் நடுவே ஓடென்ஸ. அதன் அருகே ஒரு கிராமத்தில்தான் 1865இல் கார்ல் நீல்சன் பிறந்தார். டென்மார்க்கின் தேசிய இசையமைப்பாளர் என்று யாரைக் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். லாங்கோர் பதின்மூன்றாம் வயதில் நீல்சனிடம் சில வாரங்கள் பாடம் கேட்டிருக்கிறார். அது நீடிக்கவில்லை. பிறகு நீல்சனின் தெளிந்த, கட்டுக்கோப்பான இசையே டேனிஷ் இசைக்கு இலக்கணம் ஆனது. உருக்கமும் தெய்வ தரிசனமும் நிறைந்த லாங்கோரின் வழி அங்கே யாருக்கும் வேண்டியதாக இல்லை. 'எதிர்க்கிறிஸ்து' என்ற அவருடைய ஓபராவை, அதாவது இசைநாடகத்தை, அரச நாடக அரங்கம் திருப்பி அனுப்பியது. அவர் திருத்தினார். மறுபடியும் இல்லை என்றார்கள். அது மேடையேற 1999 ஆக வேண்டியிருந்தது; அதுவும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில். 2022இல் பெர்லினின் டாய்ச்ச ஓபர் அரங்கம் அதை எடுத்து நடத்தியது.

1948இல் லாங்கோர் சேர்ந்திசைக்கும் இசைக்குழுவுக்கும் ஒரு துண்டு எழுதினார். வரி ஒன்றுதான்: 'கார்ல் நீல்சன், நம் மாபெரும் இசையமைப்பாளர்'. முப்பத்திரண்டு தாள அளவைகள். முடிந்ததும் தொடக்கத்திலிருந்து மறுபடியும், காலமெல்லாம் இப்படியே பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது குறிப்பு. நீல்சன் இறந்து அப்போது பதினேழு ஆண்டுகள். இதைக் கசப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாடு ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அருகில் நிற்பவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை, அவர் ஓசையாகவே எழுதிக் காட்டியிருக்கிறார். நீல்சனை எனக்கும் மிகவும் பிடிக்கும். இருவரையும் கேட்க ஓர் ஆயுள் போதுமானது. அன்று இருந்தவர்களுக்கும் போதுமானதாகத்தான் இருந்திருக்கும்.

பிராமிங் நிலையத்தில் மாறினேன். சிறிய ரயில். சன்னலுக்கு வெளியே நிலம் இன்னும் தட்டையாகி, வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

சனி, ரீபே

டென்மார்க்கின் மிகப் பழைய ஊர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கே சந்தை இருந்தது. கல் பாவிய தெருக்கள், சாய்ந்துபோன மரச்சட்ட வீடுகள், நடுவே தேவாலயம். ஊர் பல நூற்றாண்டுகளாகத் தன்மேல் தானே உயர்ந்துவிட்டதால், தேவாலயத்துக்குச் சதுக்கத்திலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டும். ஆற்றங்கரையில் வெள்ளத் தூண் ஒன்று நிற்கிறது. வட்டமிட்ட கம்பிகள் ஒவ்வொரு புயல்வெள்ளத்தின் உயரத்தையும் காட்டுகின்றன. 1634ஆம் ஆண்டுக்கானது என் தலைக்கும் மிக மேலே.

இங்கே லாங்கோர் தேவாலய ஆர்கன் கலைஞராகப் பொறுப்பேற்றது 1940இல், நாற்பத்தாறு வயதில். தலைநகரில் எத்தனையோ பணிகளுக்கு விண்ணப்பித்து எதுவும் கிடைக்காத பிறகு வந்த முதல் நிலையான வேலை. தாய் 1926இல் இறந்திருந்தார். மறு ஆண்டு லாங்கோர் கான்ஸ்டன்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் உடன் வந்தார். 1940 ஏப்ரலில்தான் ஜெர்மன் படை டென்மார்க்கைப் பிடித்திருந்தது. நீண்ட தலைமுடியோடு, தனக்குள்ளேயே ஆழ்ந்து தெருவில் நடந்த இந்த மனிதரை ஊரார் விநோதமாகப் பார்த்தார்கள். வழிபாட்டுக்கு வந்தவர்களுக்கு அவருடைய வாசிப்பு மிக நீளம், மிக உரத்தது.

காலையில் ரீபேஹுஸ் மேட்டுக்குப் போனேன். கோட்டை இருந்த இடம். இப்போது அகழியும் புல்லும் மட்டும். மேட்டின் விளிம்பில் அரசி டாக்மாரின் சிலை, படகின் முகப்பில் நிற்பது போல. பொஹீமியாவிலிருந்து கடல்வழி வந்து 1205இல் மன்னர் வால்டெமாரை மணந்து, 1212இல் இளம் வயதிலேயே இறந்தவர். டேனியர்கள் இன்றும் பாடும் பழம்பாடல் அவர் மரணத்தைப் பற்றியது. அரசி ரீபேயில் நோயுற்றுக் கிடக்கிறாள். மன்னன் ஸ்கானர்போரியிலிருந்து குதிரையில் விரைகிறான். புறப்படும்போது நூறு வீரர்கள் உடன் வருகிறார்கள். ரீபேயின் பாலத்தைக் கடக்கும்போது அவன் ஒருவன்தான் மிஞ்சுகிறான். நண்பகலில் தேவாலய மணிகள் அந்தப் பாடலின் மெட்டைத்தான் ஒலிக்கின்றன. சதுக்கத்தில் நின்று கேட்டேன்.

1942இல் லாங்கோர் எழுதிய ஒன்பதாம் சிம்பொனியின் பெயர் 'அரசி டாக்மாரின் நகரிலிருந்து'. அரசி கடலில் வருவது, ரீபேஹுஸில் நடனம், தேவாலயம், கடைசியில் மறைந்துபோன காலங்களின் பெருக்கெடுத்த வாழ்க்கை என நான்கு பகுதிகள். விலகி நின்று ஊரைச் சபிக்கும் ஒருவரின் இசை அல்ல. வந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மண்ணின் கதையைத் தன் கதையாக ஏற்றுக்கொண்ட இசை. நடனப் பகுதியில் உண்மையான குதூகலம் இருக்கிறது. ரீபேயை அவருடைய சிறை என்று எழுதுகிறவர்கள் இந்தச் சிம்பொனியை ஒருமுறை கேட்டிருந்தால் அந்தச் சொல்லைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த டாக்மார் சிலையைச் செதுக்கியவர் அன்னா மாரி கார்ல்-நீல்சன். கார்ல் நீல்சனின் மனைவி. தன்னளவில் பெரிய சிற்பி. சிலையின் ஆண்டு 1913. லாங்கோருக்குப் பெர்லின் கைதட்டிய அதே ஆண்டு. சிலையின் முகத்தில் காற்றை எதிர்கொள்ளும் ஒரு நிமிர்வு இருக்கிறது; சிம்பொனியின் முதல் பகுதியிலும் அதே நிமிர்வு. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு இந்த மேட்டில் மட்டும்தான்.

மாலை கோபுரம் ஏறினேன். செங்கல்லால் கட்டிய 'குடிமக்கள் கோபுரம்', 248 படிகள். இதற்கு முன்பிருந்த கோபுரம் 1283இல் கிறிஸ்துமஸ் காலையில் இடிந்து விழுந்ததாம். மேலே நின்றால் சதுப்புநிலம், அதற்கப்பால் வாடன் கடல். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேடு என்று ஒன்று கிடையாது. குல்லாபெர்க் இங்கிருந்து எவ்வளவு தொலைவு! இங்கே உட்கார்ந்துகொண்டுதான் அவர் அந்தப் பாறைகளை ஏழு நிமிடத்தில் மீண்டும் எழுப்பினார்.

ஞாயிறு, ரீபே

பத்து மணி வழிபாட்டுக்குச் சென்றேன். டென்மார்க்கில் ஐந்து வரிசைக் கூடங்கள் கொண்ட ஒரே தேவாலயம் இது. ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து கப்பலில் கொண்டுவந்த எரிமலைக் கல்லால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டியது. பலிபீடத்தின் பின்னால் வளைந்த சுவர் முழுக்க, கார்ல்-ஹென்னிங் பெடர்சன் 1980களில் வரைந்த நீலமும் சிவப்பும் மஞ்சளும். இவ்வளவு பழைய கல்லில் இப்படிப்பட்ட நிறங்களா என்று அப்போது பெரும் எதிர்ப்பு எழுந்தது. இன்று மக்கள் அதைப் பார்க்கவே வருகிறார்கள். லாங்கோருக்கு இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பார்த்திருந்தால் மிகவும் பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆர்கன் ஒலித்தபோது தரையிலிருந்தே அதிர்வு ஏறியது. இன்று அவர் எழுதியது எதுவும் வாசிக்கப்படவில்லை. ஆனாலும் அந்த மேடையில் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். அங்கே உட்கார்ந்தபடி என்னென்ன எழுதினார் என்று நினைத்துப் பார்த்தேன். பதினோராம் சிம்பொனி 'இக்சியோன்': ஆறு நிமிடம், நான்கு டியூபாக்கள் தனியாக முழங்குகின்றன, நெருப்புச் சக்கரத்தில் கட்டப்பட்ட கிரேக்கப் புராண மனிதனைப் போல ஒரே இசைத்தொடர் சுற்றிச் சுற்றி வருகிறது. 1948இல் 'அபத்தம்' என்ற பொருளில் இரண்டே லத்தீன் சொற்களைத் திரும்பத் திரும்பக் கத்தும் ஒரு சேர்ந்திசை. இவற்றைக் கேட்கும்போது வலிக்கிறது. எழுதியதை இசைக்குழு வாசித்துக் கேட்கும் வாய்ப்பு ஓர் இசையமைப்பாளருக்குச் சோறு போன்றது; அதை அவருக்கு மறுத்தார்கள். அந்த அநியாயத்தை நான் எந்த வகையிலும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் அதே 1948இல் முடித்த பதினான்காம் சிம்பொனியும் இருக்கிறது. பெயர் 'காலை'. அதன் மூன்றாம் பகுதியின் தலைப்பு 'பளிங்குத் தேவாலயத்தின் மணி ஒலிக்கிறது'. அடுத்து, சோர்ந்தவர்கள் எழுந்து வாழ்க்கைக்குள் போகிறார்கள். வானொலியில் பாட்டு அலறுகிறது. அப்பாக்கள் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். முடிவில் வெயிலும் பீச் மரக் காடும். ஒரு நகரத்தின் விடியலை, அந்த நகரத்திலிருந்து விலக்கப்பட்டவர், இவ்வளவு அன்போடு எழுதியிருக்கிறார்.

இரண்டாம் பகுதிதான் என் உயிர். நரம்புக் கருவிகள் மட்டும். தலைப்பு 'கவனிக்கப்படாத விடிவெள்ளிகள்'. அவசரமில்லாத, நீண்ட, கனிந்த இசை. இதை நூறு ஆண்டுகள் முன்பு எழுதியிருக்கலாம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள். எழுதியிருக்கலாம்; ஆனால் யாரும் எழுதவில்லையே. லாங்கோரைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு 'கோளங்களின் இசை'யைவிட இதையே முதலில் தருவேன். லிகெட்டி கதையும் வேண்டாம், மேதை என்ற அறிமுகமும் வேண்டாம்.

கடைசிச் சிம்பொனி, பதினாறாவது, 1951இல். பெயர் 'சூரியப் பெருவெள்ளம்'. புயல்வெள்ளத்தைத் தூணில் குறித்துவைக்கும் ஊரில் வாழ்ந்தவர், வெள்ளமாகப் பாய வெயிலை அழைத்தார். 1952 ஜூலை 10 அன்று இங்கேயே இறந்தார். ஐம்பத்தொன்பதாம் பிறந்தநாளுக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன.

ரீபே இப்போது அவரைத் தன்னவராக ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2010 முதல் அவர் பெயரில் இங்கே இசைவிழா நடக்கிறது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இரண்டாம், ஆறாம் சிம்பொனிகளைப் பதிவுசெய்திருக்கிறது. 1913இல் முதல் சிம்பொனியை அரங்கேற்றிய அதே பெர்லின் ஃபில்ஹார்மோனிக், சகாரி ஓராமோ நடத்த மறுபடியும் அதை எடுத்து வாசித்துப் பதிவும் வெளியிட்டிருக்கிறது.

நான் இன்னும் நேரில் கேட்காத ஒன்று 'மெஸ்ஸிஸ்'. ஆர்கனுக்காக அவர் எழுதிய நாடகம். அறுவடைக் காலத்தைப் பற்றியது. மூன்று மாலைகளில் வாசிக்க வேண்டியது. 'நரகத்தில் புதைந்தவன்' என்று மூன்றாம் மாலைக்குப் பெயர். அதை மூன்று மாலைகளும் இந்தத் தேவாலயத்தில், இந்த ஆர்கனில் கேட்க வேண்டும். வெளியே வரும்போது வாசலில் இருந்த பெண்மணியிடம் விழாவின் தேதிகள் எங்கே அறிவிக்கப்படும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. இதை நிலையத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காதில் மறுபடியும் 'கவனிக்கப்படாத விடிவெள்ளிகள்'.